டேங்க் காலியான பிறகு

கெமிக்கல் டேங்கர் கப்பலில் சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் பாதி வேலைகூட இல்லை. ஒன்று இறங்கி அடுத்தது ஏறுவதற்கு நடுவில் கிடைக்கும் சில நாள்தான் நிஜமான வேலை. கச்சா எண்ணெய்க் கப்பலிலிருந்து வருபவருக்கு இது பிடிபடக் கொஞ்சம் நாளாகும். அங்கே முன்னால் இருந்ததும் எண்ணெய், பின்னால் வருவதும் எண்ணெய். இங்கே போன வாரம் பாமாயில், இந்த வாரம் மெத்தனால்.

நார்வேயின் பெர்கன் நகரில் 1914-இல் தொடங்கிய ஓட்ஃபியெல் நிறுவனத்தின் கப்பல்களை எடுத்துக்கொள்ளலாம். பெயர்கள் பெரும்பாலும் 'பவ்' என்று தொடங்கும். பெரியவை சிலவற்றில் நாற்பது டேங்க்கூட உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி பம்ப், தனி லைன். அமிலமும் சமையல் எண்ணெயும் ஒரே பயணத்தில் போவது அதனால்தான். ஆனால் எது எதற்குப் பக்கத்தில் என்பதில் அசட்டை கூடாது. பிளாஸ்டிக் செய்ய உதவும் ஸ்டைரீன் திரவத்தைச் சூடேற்றிய பாமாயில் டேங்குக்கு அடுத்து வைத்தால் தானாகவே கெட்டிப்படத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கக் கலக்கும் டிபிசி என்ற மருந்து வேலை செய்ய ஆக்ஸிஜனும் வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து மேலே முழுக்க நைட்ரஜனை நிரப்பினால் மருந்தையே முடக்கியதாகிவிடும்.

கழுவுவதில் பெரும்பாலான தோல்விக்குக் காரணம் குறைவாகக் கழுவியது அல்ல, வரிசை மாறிப் போனது. பாமாயில் குளிர்ந்தால் உறையும். இறக்கி முடித்த சூட்டோடு, எழுபது எண்பது டிகிரி வெந்நீரில் உடனே ஆரம்பிக்க வேண்டும். அதே பழக்கத்தில் சோயா எண்ணெய் டேங்கில் வெந்நீரைப் பாய்ச்சினால் கெட்டது கதை. சோயா, ஆளி விதை எண்ணெய் எல்லாம் காயும் தன்மை கொண்டவை. சூடும் காற்றும் பட்டால் சுவரில் வார்னிஷ் போலப் படிந்துவிடும். பிறகு சுரண்டத்தான் வேண்டும். எனவே முதலில் குளிர்ந்த நீர், எண்ணெய் இறங்கிய பிறகே வெந்நீர். காஸ்டிக் சோடா கலந்து கழுவுமுன் டேங்கின் சுவர் என்ன என்று பார்க்க வேண்டும்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும், ஜிங்க் சிலிகேட் பூச்சு தாங்காது.

கழுவிய நீரைக் கடலில் விட, கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் இரண்டாம் இணைப்பின் விதி: கரையிலிருந்து குறைந்தது 12 கடல் மைல், கடலின் ஆழம் குறைந்தது 25 மீட்டர், கப்பலின் வேகம் குறைந்தது 7 நாட், விடுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே. பாமாயில் மாதிரி மிதந்து உறையும் சரக்குகளுக்கு வடமேற்கு ஐரோப்பியக் கடலில் 2021 முதல் துறைமுகத்திலேயே ஒருமுறை கழுவி அந்த நீரைக் கரையில் ஒப்படைக்கும் முன்கழுவலும் கட்டாயம்.

கடல்நீரில் கழுவியதும் உப்பு நின்றுவிடும். நன்னீரில் அலசியாக வேண்டும். கப்பலில் நன்னீருக்கு எப்போதும் பஞ்சம் என்பதால் கைசுருங்குவது இங்கேதான். மெத்தனாலின் தரவரையறையில் குளோரைடு, அதாவது உப்பு, பத்து லட்சத்தில் அரைப் பங்குதான் (0.5 பிபிஎம்). டேங்கைப் பரிசோதிக்கும் சர்வேயர் சுவரில் சுத்தமான மெத்தனாலை ஊற்றி, வழிவதைப் புனலில் பிடித்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்ப்பார். பால்போல மங்கினால் உப்பு. அதே மாதிரியின் இன்னொரு பகுதியில் தண்ணீர் கலந்து நீலச்சாயலாக மங்கினால் எண்ணெய் மிச்சம். கண்ணில் பட்ட சுவரெல்லாம் பளபளப்பாக இருக்கும்போது மாதிரி தோற்பது உண்டு: ஏணிப்படியின் அடிப்பக்கம், ஹீட்டிங் காயிலின் தாங்கிகள், பம்ப் கிணறு, மேலிருந்து இறங்கும் சரக்குக் குழாயான டிராப் லைன். இந்த நான்கையும் சர்வேயருக்கு முன்னால் நாமே பார்த்துவிட வேண்டும். கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் வியர்வையின் உப்பே மாதிரியைக் கெடுத்துவிடும். டேங்குக்குள் இறங்குமுன் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சர்வேயர் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில்தான் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்காமல் வாசலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

டேங்குக்குள் மூழ்கி ஹைட்ராலிக்கில் ஓடும் ஃப்ராமோ பம்பையும் மறக்கக் கூடாது. அதன் ஹைட்ராலிக் எண்ணெய்க்கும் சரக்குக்கும் நடுவே ஒரு காலி இடைவெளி உண்டு. காற்றையோ நைட்ரஜனையோ செலுத்தி அங்கே சேர்ந்ததை மேலே ஊதி எடுத்து அளந்து எழுதுவார்கள். வருவது எண்ணெயா சரக்கா என்பதை வைத்து எந்த சீல் போகிறது என்று தெரியும். அன்றாடம் அளந்து எழுதினால் கூடிக்கொண்டு வருவது நோட்டிலேயே கண்ணில் படும். 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிப் பழகிய நோட்டில் படாது.

ஏற்றும்போதும் முதலில் கரைக் குழாய் கப்பலோடு இணையும் மேனிஃபோல்டில் ஒரு மாதிரி, பிறகு டேங்கில் ஒரு அடி உயரம் நிரப்பி நிறுத்தி இன்னொரு மாதிரி. மேனிஃபோல்டிலேயே கலங்கல் என்றால் குறை கரையின் பைப்பில். அங்கே தெளிவாக இருந்து ஒரு அடியில் கலங்கினால், ஏணிக்கு அடியிலோ டிராப் லைனிலோ தேட வேண்டியது நாம்தான்.