அம்பாவுக்கு எதற்கு மின்விசைப்பலகை?

கடந்த ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நாட்டார் பாடல் நிகழ்ச்சியை, திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த பலரும் ஒரே வீட்டில் கூடியிருந்து பார்த்தோம். தாலாட்டும் கும்மியும் இனிமையாகவே இருந்தன. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் தொடங்கியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடி, அந்த ஒருமித்த மூச்சிலேயே கயிற்றை இழுப்பதுதான் அம்பாவின் முறை. மேடையிலோ மின்விசைப்பலகை (கீபோர்ட்) இடைவிடாது ஒலித்து, மூச்சு வாங்கும் அந்த இடைவெளியை முற்றாக மூடிவிட்டது. 40 ஆண்டுகள் கரைவலை இழுத்த பக்கத்து வீட்டு ஐயா, "தம்பி, இந்த வேகத்துக்கு வலை வராது" என்று வருத்தத்துடன் சொன்னார். அவருடைய மகளோ, அப்பாவின் பாட்டு தொலைக்காட்சியில் கேட்டதே போதும் என்று கண்கலங்கினார். எனக்கு அவருடைய கண்ணீரும் புரிந்தது. ஆனாலும் ஐயாவின் பக்கமே நிற்கிறேன்.

தம்பலகாமத்திலிருந்து தொலைபேசியில் அழைத்த மாமா, அதே நிகழ்ச்சியில் வந்த சூடு மிதிக்கும் (நெற்கதிரைப் போரடிக்கும்) பாட்டில் நெல்லைக் களத்து வழக்கப்படி 'பொலி' என்றே பாடியதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அடுத்த முறை அம்பாவை நிலாவெளிக் கரையிலேயே, அலையோசையுடன் பதிவுசெய்ய வேண்டும் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஐயாவும் அதில் கையொப்பமிட்டார்.