63-ஆம் செக்டரில் தொடங்கும் எஸ்எஸ்டி: குளோன் செய்த டிஸ்க்கை நேராக்கிய விதம்

வேலூர் லாங்கு பஜாரில் பில் போடும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 7 இருந்தாலும், டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் (சி, டி எனப் பிரித்த பகுதிகள்) விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் போட்டவை. அந்த ஹார்டு டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) குளோன், அதாவது முழு நகல், செய்தால் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தில் உள்ள பழைய கோணலும் கூடவே வந்துவிடும். பெரிய ஃபைலைக் காப்பி செய்து பார்த்தால் குறை தெரியாது. கணக்கு மென்பொருளில் வவுச்சர்களை வரிசையாகச் சேமிக்கும்போதுதான் இழுக்கும்.

காரணம் இதுதான். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். டிஸ்க்கின் சிறு துண்டான ஒரு செக்டர் 512 பைட். 63 செக்டர் என்றால் 32256 பைட். எஸ்எஸ்டியோ 4096 பைட் (4 கேபி) கொண்ட பக்கம் பக்கமாகக் கணக்கு வைக்கும். 32256-ஐ 4096-ஆல் வகுத்தால் 7.875. முழு எண் வரவில்லை. அதனால் விண்டோஸ் ஃபைலைப் பிரித்து வைக்கும் 4 கேபி கிளஸ்டர் ஒவ்வொன்றிலும் 512 பைட் ஒரு பக்கத்திலும், மீதி 3584 பைட் அடுத்த பக்கத்திலும் விழும். பேரேட்டில் ஒரே பதிவைப் பக்கக் கடைசியில் ஒரு வரியும் மறுபக்கத்தில் மீதியுமாக எழுதியது போல. எஸ்எஸ்டி ஒரு பக்கத்தில் பாதியை மட்டும் திருத்தி எழுதாது; இரண்டு பக்கங்களையும் படித்து, புது விவரத்தைச் சேர்த்து, இரண்டையும் வேறிடத்தில் எழுதும். வேகமும் போகிறது, தேய்மானமும் கூடுகிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தொடக்கம் 2048-ஆம் செக்டர், அதாவது 1048576 பைட். 4096-ஆல் வகுத்தால் சரியாக 256.

சோதிக்கும்போது பலரும் தவறுவது ஓர் இடத்தில். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்தால் 31.5 கேபியை முழுமையாக்கி 32 கேபி என்று காட்டும். 32 நான்கால் வகுபடுகிறதே, சரிதான் என்று விட்டுவிடுவார்கள். அதை நம்பாதீர்கள். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 கொடுத்து, காம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் தொடக்க இடம் பைட் கணக்கிலேயே வரும். அந்த எண்ணை 4096-ஆல் வகுங்கள். சி மட்டும் போதாது. எக்ஸ்பி போட்ட எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் டி, இ டிரைவ்களும் இதே 63 செக்டர் தள்ளித்தான் தொடங்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபைல்களை அடுக்கும் முறையை ஃபேட்32-இலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றிய பழைய டிரைவில் கிளஸ்டர் அளவு 512 பைட்டாகவே நின்றிருக்கலாம். எஃப்எஸ்யூட்டில் கட்டளையில் பைட்ஸ் பெர் கிளஸ்டர் என்ற வரி 4096 காட்ட வேண்டும். 512 என்று வந்தால் தொடக்கத்தை நகர்த்துவதால் பயனில்லை. 4 கேபியில் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவுவதே வழி.

குளோன் முடிந்த எஸ்எஸ்டியில் ஜிபார்ட்டட் என்ற மென்பொருளை வைத்துப் பார்ட்டிஷனை நகர்த்தலாம், ஆனால் எல்லா டேட்டாவும் மறுபடி எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் போனதுதான். துணைமின் நிலையப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் தொடங்கவே கூடாது. மற்ற நாளிலும் யூபிஎஸ் இல்லாமல் வேண்டாம். பழைய டிஸ்க் கையில் இருக்கும்போது எஸ்எஸ்டியைக் காலி செய்து மறுபடி காப்பி எடுப்பதே எங்கள் வழக்கம்.

டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து அதை முழுக்கக் காலி செய்யும் கிளீன் கட்டளை கொடுக்கும் முன், அளவை இரண்டு முறை பாருங்கள். 160 ஜிபி பழையது, 240 ஜிபி புதியது என்றால் குழப்பமில்லை. இரண்டும் ஒரே அளவு என்றால் பழையதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பிறகு ஜிபார்ட்டட் யூஎஸ்பியில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் எம்எஸ்டாஸ் வகை பார்ட்டிஷன் டேபிள் போட்டு, பழைய டிஸ்க்கின் சி-யைக் காப்பி கொடுத்துக் காலியிடத்தில் பேஸ்ட் செய்ய வேண்டும். அலைன் என்ற இடத்தில் எம்ஐபி (1048576 பைட் கணக்கு) இருக்கட்டும். சிலிண்டர் என்று மாற்றினால் பழைய கதைதான். டி-க்கும் அப்படியே. சி-க்கு பூட் ஃபிளாக் (இதிலிருந்து தொடங்கு என்ற குறி) வைக்க மறந்தால் கம்ப்யூட்டர் கருப்புத் திரையில் நின்றுவிடும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. இருந்தால் விண்டோஸ் சி என்ற எழுத்தைப் பழையதற்கே கொடுத்து, பாதி அங்கும் பாதி இங்குமாக ஓடலாம். எஸ்எஸ்டி மட்டும் இருந்தாலும் பெரும்பாலும் 0xc000000e பிழைதான் வரும். பயப்பட வேண்டாம். எம்பிஆர் (எம்எஸ்டாஸ் வகை டேபிள்) டிஸ்க்கில் பார்ட்டிஷனின் தொடக்க இடத்தையும் டிஸ்க் கையொப்பத்தையும் (டிஸ்க்கின் அடையாள எண்) வைத்துத்தான் பூட் பதிவு டிரைவைத் தேடும், இரண்டுமே மாறிவிட்டன. விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்து ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்டுங்கள். ஒரு தடவையில் சரியாகாமல் இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டியும் வரலாம். அப்படியும் வழிக்கு வராவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர், பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டினால் போதும். ரிப்பேர் டிவிடியில் டிரைவ் எழுத்து மாறியிருக்கக் கூடும், டிர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் திறந்ததும் ஏஎஸ் எஸ்எஸ்டி பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டினால், முன்பு இடது மேல்பக்கம் சிவப்பில் 31 கே பேட் என்றிருந்த வரி பச்சையில் 1024 கே ஓகே என்று மாறியிருக்கும். பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். கடைக்காரர் ஒரு வாரம் பில் போட்டு, டி டிரைவில் உள்ள பழைய ஆண்டுக் கணக்குகளையும் திறந்து பார்த்த பிறகு செய்யலாம்.