என் பெயர் இல்லாத வாடகை ஒப்பந்தம்

திருச்சியிலிருந்து புனேவுக்கு வந்து சாமான் இறக்கியது 2024 ஜூன் முதல் வாரம். கேஸ் சிலிண்டரை ஒப்படைத்துச் சீட்டு வாங்கியது, இங்கே புது இணைப்பு எடுத்தது எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. என்னை இரண்டு மாதம் படுத்தியது ஒரே ஒரு விஷயம். இந்த ஊரில்தான் நான் குடியிருக்கிறேன் என்பதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

எனக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டியிருந்தது. கணவர் காலையில் பைக்கில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஷோரூமில் வண்டி, கலர் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, என் பெயரில் பதிய உள்ளூர் முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள். "சார் பேரிலேயே போட்டுடலாமே மேடம்" என்று இந்தியில் யோசனை வேறு. அங்கேயே எனக்கு வீம்பு வந்துவிட்டது.

மகாராஷ்டிராவில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை லீவ் அண்ட் லைசன்ஸ் என்பார்கள். பதினோரு மாதத்துக்குப் போட்டாலும் பதிந்தே ஆக வேண்டும். 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படி. ஏஜென்ட் ரேகை மிஷினும் கேமராவுமாக வீட்டுக்கே வந்து அரை மணியில் முடித்துக் கொடுத்துவிடுவார். அந்த அரை மணியில்தான் கோட்டை விட்டோம். நான் அப்போது திருச்சியில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். ரெண்டு பேர் என்றால் ரெண்டு பேர் ரேகையும் வேண்டும், ஒருவர் பெயரே போதும் என்று ஏஜென்ட் சொல்ல, இவரும் சரி என்று விட்டுவிட்டார். மனைவி வந்து சேரும் வரை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள், இரண்டு பெயரும் ஏற்றுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆதாரில் புனே முகவரியை மாற்றினால் அதுவே சான்றாகிவிடும் என்று, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனேன். டோக்கன் வாங்க ஏழரைக்கே வரிசை. என் முறை வரும்போது மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. கவுன்ட்டரில் இருந்தவர் நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போய், கணவர் பெயர் மேல் பேனாவை வைத்து, உங்கள் பெயர் எங்கே என்றார். நான் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். புரட்டினால் முளைத்துவிடுமா? கல்யாணச் சான்றிதழ் இருக்கிறது என்றேன். அது முகவரிச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வேறு வழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆட்டோவுக்குக் கொடுத்த காசுதான் மிச்சம்.

வழி இருக்கத்தான் செய்தது. குடும்பத் தலைவர் மூலம் முகவரி மாற்றுவது என்று 2023 ஜனவரியில் கொண்டுவந்திருக்கிறார்கள். மைஆதார் தளத்தில் நாம் விண்ணப்பித்து, தலைவரின் ஆதார் எண்ணைப் போட்டு, உறவுக்கு ஒரு சான்றை ஏற்றி, கட்டணம் கட்ட வேண்டும் (2024-இல் 50 ரூபாய்). அவர் 30 நாளுக்குள் உள்ளே போய் ஒப்புக்கொண்டால் அவர் முகவரி நமக்கும் வந்துவிடும். (பதினெட்டு வயது தாண்டிய யாரும் தலைவராகலாம். நான் இவருக்குத் தலைவியாக இருந்திருக்கலாம், பெயர் மட்டும் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால்.) தலைவரின் ஆதாரில் முதலில் புது முகவரி ஏறியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இவருக்கு ஆபீஸிலேயே முகாம் போட்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணச் சான்றிதழில் எனக்கு இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. எதற்கு வம்பு என்று, கணவர் பெயர் போட்ட பாஸ்போர்ட்டை ஏற்றினேன்.

விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். இருபது நாள் கழித்து, "உங்களுக்கு மெசேஜ் வரலையா?" என்று கேட்டால், "எதுவும் வரலையே" என்கிறார். சரி, அரசாங்க வேலை, மெதுவாகத்தான் நடக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். முப்பது நாள் ஓடி விண்ணப்பம் தானாக மூடிக்கொண்டது. 50 ரூபாய் திரும்ப வராது. அப்புறம்தான் தோண்டிப் பார்த்தோம். இவர் ஆதாரோடு இணைத்திருந்தது திருச்சியில் என் மாமனார் வைத்திருக்கும் நம்பர்! இவருடைய பழைய நம்பராம். மெசேஜ் ஒழுங்காகப் போயிருக்கிறது. இங்கிலீஷில் ஏதோ விளம்பரம் என்று மாமா அழித்துவிட்டார்.

மறுபடி விண்ணப்பம், மறுபடி 50 ரூபாய். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவை லைனில் வைத்துக்கொண்டே இவர் லாகின் செய்தார். ஓடிபி போய்ச் சேர்ந்தது.

"அப்பா, ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க."

"அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானப்பா சொன்னே?"

"நான்தாம்பா கேக்கிறேன்."

"குரலை மாத்திப் பேசுறாங்களாமே இப்பல்லாம்."

அவரைக் குறை சொல்ல முடியாது, போன தீபாவளிக்கு உட்கார வைத்து அந்தப் பாடம் எடுத்ததே இவர்தான். வீடியோ காலில் மகன் முகத்தைக் காட்டி, கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது ஓடிபியை மாமி வாங்கி, ஒரே மூச்சில் படித்துவிட்டார். ஒப்புதல் போட்ட அடுத்த வாரம் என் ஆதாரில் புனே முகவரி வந்துவிட்டது. உங்கள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்கூட்டர் வந்தது, என் பெயரில், எம்.ஹெச். 12 நம்பரோடு. இவர் பைக் இன்னும் டி.என். 45தான். வெளி மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்குத் திருச்சி ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். போன வாரம் ஒரு சிக்னலில் இருவரும் முன்னும் பின்னுமாக நின்றிருந்தோம். போலீஸ்காரர் இவரை மட்டும் ஓரங்கட்டச் சொன்னார். நான் பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டேன்.