வெப்பநிலைக் கணக்கில் ஒரு 'க்கு'

குரூப் 4 தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு ஒன்றில் இப்படி ஒரு கேள்வி. 'ஒரு பொருளின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு உயரும்?' யோசிக்கவே இல்லை, 68 என்று குறித்தேன். சரியான விடை 36. ஒன்றரை மதிப்பெண் போனதைவிட, தெரிந்த கணக்கில் தப்பு வந்ததுதான் உறுத்தியது.

மறுநாள் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து பள்ளிப் புத்தகத்தை முதலிலிருந்து பார்த்தேன். பனிக்கட்டி உருகுவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. நீர் கொதிப்பது 100, 212. இடையில் இங்கே 100 பங்கு, அங்கே 180 பங்கு. அதாவது ஐந்துக்கு ஒன்பது. 32 என்பது தொடங்கும் இடம் வேறு என்பதால் மட்டும் வருவது. எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் அதற்கு அங்கே வேலையே இல்லை. இது புரிந்த பிறகு சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்யவில்லை.

பழக்கத்துக்குக் கைகொடுத்தது நம்ம ஊர் வெயில். சித்திரையில் பேப்பரில் 'மதுரையில் 104 டிகிரி' என்று போடுவார்கள், போனில் 40 காட்டும். 104-ல் 32 போனால் 72. அதில் எட்டு ஒன்பது. எட்டு ஐந்து 40. டீ குடித்து முடிப்பதற்குள் மனதிலேயே போட்டுவிடலாம். 'வெயில் சதம்' என்கிறார்களே, அந்த 100 செல்சியஸில் 37.8தான். நம் உடல் வெப்பம் 98.6, அதாவது 37. இரண்டும் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்!

கெல்வின் எளிது. செல்சியஸோடு 273 கூட்டினால் போதும். விடைகளில் தசமம் இருந்தால் 273.15. கெல்வினுக்கு 'டிகிரி' போடக்கூடாது. உயர்வைக் கேட்டால் செல்சியஸில் எத்தனையோ அத்தனையேதான் கெல்வினிலும், 273-ஐத் தொடவே வேண்டாம். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் மைனஸ் 40. இதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கேள்வியில் ஒரு 'க்கு' இருக்கிறதா என்று தேடுங்கள். '20 டிகிரி உயர்ந்தது' என்றால் 36. '20 டிகிரிக்கு உயர்ந்தது' என்றால் 68. நான் இப்போதும் பேனாவால் அந்த எழுத்தைச் சுழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறேன்.