வயலின் பெட்டிக்குள் இருந்தபோது செய்த பயிற்சி

வெளியூரில் நடக்கும் இசைப் போட்டிக்குக் காரிலேயே போவது என்று முடிவானதும், பயண நேரம் முழுவதும் பயிற்சிக்கு நஷ்டம் என்றுதான் வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். போய் வந்த பிறகு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாத்தியத்தைத் தொட முடியாத அந்த நீண்ட நேரம்தான், போட்டிக்கென்று தேர்ந்துகொண்ட உருப்படியை நான் எவ்வளவு தூரம் அறிந்து வைத்திருக்கிறேன் என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியது.

அப்பா வண்டியை ஓட்ட, நானும் பியானோ பிரிவில் கலந்துகொள்ளும் என் தோழியும் பின்னிருக்கையில் அமர்ந்துகொண்டோம். எங்கள் இருவருக்கும் நடுவே வயலின் பெட்டியைப் படுக்க வைத்து, இருக்கைப் பட்டையை அதன் மேல் இழுத்து மாட்டினோம். டிக்கியில் இடம் தாராளமாக இருந்தும் அதை அங்கே வைக்காததற்குக் காரணம் வெயில்தான். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே வெப்பம் மளமளவென்று ஏறும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்து முடிந்துவிடும். வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் மரத்திலும் அடிப்பலகை மேப்பிள் மரத்திலும் செய்யப்படுபவை. அவற்றைப் பக்கப் பலகைகளோடு சேர்த்துப் பிடிப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் அந்தப் பசை இளகும். மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விட்டுப்போக வேண்டும், பழுதுபார்ப்பவர் திறந்து மறுபடி மூட வேண்டும் என்பதற்காகவே வயலின் செய்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஏற்பாட்டின் அருமையை உணர்ந்தவர்கள், சாப்பிட இறங்கும்போது பெட்டியை வண்டியில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நாங்கள் இறங்கிய இடத்திலெல்லாம் பெட்டியும் எங்களோடு இறங்கியது.

குளிர்சாதனத்தின் காற்று வேறொரு தொல்லை. காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் வயலினுக்கு நல்லது என்பார்கள். அதற்குக் கீழே இறங்கினால் மரம் சுருங்கி, தந்திகளை முறுக்கும் ஆணிகளான பிரடைகள் துளையில் பிடிப்பிழந்து தாமாகவே சுழன்றுகொள்ளும், தந்திகள் தளர்ந்துவிடும். எனவே காற்று வரும் துவாரத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டோம். பாதி வழியில் நிழலில் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இரண்டாவது தந்தி மட்டும் சற்று இறங்கியிருந்தது. தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரை சாயாமல் நேராக நின்றது. பிரடையை உள்நோக்கி மெதுவாக அழுத்தியபடியே திருப்பி, சுருதியைச் சேர்த்துவிட்டு உடனே மூடினேன். அந்தப் பொழுதில் இரண்டு வரி வாசித்துப் பார்க்கலாமே என்று தோழி சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் வேறொரு பயிற்சியில் இறங்கியிருந்தேன்.

உருப்படியை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி வரை, உரிய காலப்பிரமாணத்திலேயே, வாத்தியம் இல்லாமல் மனத்துக்குள் வாசித்துப் பார்ப்பதுதான் அந்தப் பயிற்சி. இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1995-இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பியானோவில் ஐந்து விரல் பயிற்சி ஒன்றைச் சிலர் கையால் பழகினார்கள், சிலர் மனத்தால் மட்டுமே பழகினார்கள். மூளையில் விரல்களை இயக்கும் பகுதியில் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே வகை மாற்றம் உண்டானது. மனத்தால் பழகியவர்கள் வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும், ஒரே ஒரு முறை கையால் பயின்றதும் மற்றவர்களை எட்டிவிட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். முதல் பகுதி தடையின்றி ஓடியது. நடுப்பகுதியில் உயர்ந்த ஸ்வரங்களுக்காக இடது கை வயலினின் கழுத்தில் நகர்ந்து மூன்றாம் நிலைக்கு ஏற வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றுபோயிற்று. ஏறுவது முதல் விரலிலா இரண்டாம் விரலிலா, அந்த ஸ்வரத்தில் வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்தியம் கையில் இருக்கும்போது அந்த இடத்தில் நான் தடுமாறுவதே இல்லை. கை தன் பழக்கத்தில் தானே கடந்துவிடும். ஆனால் மேடையில் பதற்றம் வந்தால் முதலில் கைவிடுவது அந்தப் பழக்கம்தான் என்று என் ஆசிரியர் பலமுறை சொல்லியிருக்கிறார். இசைத்தாளை எடுத்துப் பார்க்கலாம் என்றால், ஓடும் வண்டியில் படிப்பது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். கண் அசைவில்லாத தாளைப் பார்க்க, உள்காது அசைவை உணர்வதால் வரும் முரண்பாடு அது. அதனால் முந்தைய வரியைப் பாடிப் பார்த்து, விரலைத் தொடையில் வைத்து, ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடினேன்.

“பாட்டு ஏதாவது போடட்டுமாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“வேண்டாம்ப்பா, உள்ளே ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு” என்றேன்.

இரண்டாம் விரல்தான், வில் கீழே வருகிறது என்று கண்டுகொண்டபோது உண்டான நிறைவை அறையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசித்தும் நான் அடைந்ததில்லை.

தோழியின் நிலை இன்னும் கடினமானது என்று அந்தப் பயணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவள் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை; ஆனால் போட்டியில் அவள் விரல் படப்போவது இதுவரை பார்த்தே இராத ஒரு பியானோ. கட்டைகளின் கனம், மிதியின் ஆழம், தாழ்ந்த ஸ்வரங்களின் முழக்கம் எதுவும் அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. தன் வாத்தியத்தோடு பயணம் செய்ய முடிவதே ஒரு பாக்கியம் என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன்.

முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம். போட்டியன்று விடியற்காலையில் கிளம்பி நேராக மேடையேறுவது, முடிந்தவரை எந்த மாணவரும் தவிர்க்க வேண்டிய ஏற்பாடு. அன்று மாலை அரங்கைப் பார்க்க அனுமதித்தார்கள். நான் கைகளை ஒரு முறை தட்டியதும், ஓசை அடங்க எடுத்துக்கொண்ட நேரம் எங்கள் பயிற்சி அறையில் இருப்பதைவிடப் பன்மடங்கு நீண்டது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்காத அளவுக்கு முழக்கம் இருந்ததால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இயற்பியலாளருக்கு வந்தது. அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையைப் போலவே மனித உடலும் ஒலியை உறிஞ்சும் என்பதையும் கணக்கில் சேர்த்தார். ஆகவே காலியான அரங்கில் கேட்டதை அப்படியே நம்பாமல், மறுநாள் ஆட்கள் நிறைந்தால் முழக்கம் குறையும் என்று வைத்துக்கொண்டு, வேகமான பகுதியை ஒரு துளி மட்டும் நிதானப்படுத்துவது என்று தீர்மானித்தேன். தங்கும் அறையில் ஒரே ஒரு முறை முழுமையாக வாசித்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

மேடையில் மூன்றாம் நிலைக்கு ஏறும் இடம் வந்தபோது, இரண்டாம் விரல் என்பதை நினைத்தே ஏறினேன், சுருதி விலகவில்லை. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அவர் வாசித்ததை நான் முழுவதும் கேட்டேன், அது தகுந்த தீர்ப்புதான். நடுவர்களின் குறிப்புத்தாளைத் திரும்பும் வழியில் தோழி எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுப்பகுதியின் தெளிவைப் பாராட்டி ஒரு வரியும், வேகப்பகுதியில் வில்லின் நுனிப்பக்கம் ஓசை மெலிந்துவிடுகிறது என்று ஒரு வரியும் இருந்தன. நுனியில் வில்லின் எடை தந்தியின் மேல் குறைவாகவே இறங்கும், ஆள்காட்டி விரல்தான் அதை ஈடுகட்ட வேண்டும். மிச்சமிருந்த வழி முழுவதும் ஒரு பென்சிலை வில்லாகப் பிடித்துக்கொண்டு அந்த விரலைத்தான் பழக்கிக்கொண்டு வந்தேன்.