நெடுந்தீவு ஆட்களுக்காக ஒரு பூசை

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மன்றாட்டு எழுதும் வேலை ஆறு வருடமாக என்னுடையது. தங்கச்சிமடத்தில் இதற்குப் பெரிய யோசனை தேவைப்பட்டதில்லை. திருத்தந்தைக்கு ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, பிறகு கடலுக்குப் போனவர்களுக்கும் இலங்கைச் சிறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குமாக ஒன்று. அந்தக் கடைசி மன்றாட்டுக்குத்தான் கோயிலில் சத்தம் கூடும். ஒவ்வொரு வீடும் தன் ஆளை நினைத்துக்கொண்டு பதில் சொல்லும். நானும் அப்படித்தான். என் சித்தி மகன் இரண்டு தடவை பிடிபட்டவன்.

2025 ஏப்ரல் முதல் வாரம் அந்த மன்றாட்டில் ஒரு வரி சேர்த்தேன்: "எங்கள் மடியால் வலை இழந்த அக்கரை மீனவக் குடும்பங்களுக்காகவும்." அவ்வளவுதான். மடி என்றால் விசைப்படகு கடலடியோடு சேர்த்து இழுக்கும் வலை. கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று ஏப்ரல் 2ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியிருந்த வாரம் அது. பூசை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள்ளேயே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. அன்று இரவு அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் வந்ததையெல்லாம் எழுத மனமில்லை. சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர் ஒருவர், "டீச்சர், நம்ம புள்ளையச் சுட்டவனுக்கும் சேத்து ஒரு செபம் எழுதிருங்க" என்று போட்டிருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2017 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், இருபது வயதை அப்போதுதான் தாண்டியவன், நடுக்கடலில் குண்டுபட்டுச் செத்தான். ஊரே வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தது. மாமா இருந்தார், நானும் இருந்தேன். அந்த வருடம் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. 2024 பிப்ரவரியிலும் போகவில்லை. நம் ஆட்களுக்கு அங்கே சிறைத்தண்டனை கொடுத்ததற்காக வேலைநிறுத்தம், திருவிழாப் புறக்கணிப்பு. அந்த முடிவுகளில் எனக்கும் உடன்பாடுதான் இருந்தது.

ஆகவே 2025 மார்ச் 14ஆம் தேதி ராமேஸ்வரத்தில் படகு ஏறும்போது நான் பாதி மனதோடுதான் ஏறினேன். போகச் சொன்னது அப்பா. அவருக்கு எழுபத்து நாலு வயது, முட்டி போய்விட்டது, படகில் ஏற முடியாது. "நீ போயி எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வா" என்றார்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கச்சத்தீவில் குடியிருப்பு கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. சுமார் 285 ஏக்கர் முள்ளும் புதரும் பவளக் கல்லும். 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனது. ஆனால் நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போர்க்காலத்தில் நின்றுபோயிருந்த திருவிழா 2010இல்தான் மறுபடி உயிர்பெற்றது. பழைய சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில் 2016 டிசம்பரில் புதுக் கோயில் ஒன்றை மந்திரித்துத் திறந்தார்கள். இரண்டே நாள் திருவிழா. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, பூசை, இரவில் தேர்ப்பவனி. தவக்காலம் என்பதால் சிலுவைப்பாதைக்குத்தான் கூட்டம் அதிகமாக முட்டிபோடும். மறுநாள் காலை திருவிழாப் பூசை, கொடியிறக்கம், அவரவர் படகு. யாழ்ப்பாணம் மறைமாவட்டத்துச் சாமியார்களும் நம் சிவகங்கை மறைமாவட்டத்துச் சாமியார்களும் ஒரே பீடத்தில் நிற்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் செபம் நடக்கும். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து சிங்களக் குடும்பங்களும் வருவார்கள். அவர்கள் பாடும்போது சொல் புரியாவிட்டாலும், எது பாவமன்னிப்புப் பாடல், எது தூயவர் பாடல் என்று நமக்குத் தெரியும். மணல்மேல் நின்றுகொண்டு அதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் ஏற்க மறுத்த ஒன்றை என் காது ஏற்றுக்கொண்டது போலிருந்தது.

தேர்ப்பவனி முடிந்து, கையில் இருந்த புளிச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவு என்ற தீவுக்காரி. சோற்றில் பாதியைக் கொடுத்தேன், அவள் ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள்.

"நீங்கள் எவடம் அக்கா?"

"தங்கச்சிமடம்."

"றோலர் வச்சிருக்கிற ஆக்களோ?"

றோலர் என்றால் மடி இழுக்கும் விசைப்படகு. அப்பா முன்பு ஓட்டினார், இப்போது இல்லை என்றேன். அவள் முகம் மாறவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போன தையில எங்கட மனுசன் இருவத்திரண்டு வலை போட்டவர். விடிய வந்து பாக்க மூண்டுதான் கிடந்தது. கடன் எடுத்து வாங்கின வலை. காணாமப் போனதை அந்தோனியார் எடுத்துத் தருவாரெண்டுதானே சொல்லுறவை. அதான் அவரிட்ட வந்தனான்."

பிறகு, "நீங்களும் அவரிட்டத்தானே வாறியள்" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னாள்.

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் ஜெயிலில் கிடக்கிறார்கள், படகைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஒரு படகுக்குப் பின்னால் எத்தனை வீடு என்று தெரியுமா, எல்லாம் தொண்டை வரை வந்தது. அந்த மூன்று வலைக்கு முன்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலைப் பூசையில் அவள் வேறு பக்கம், சிங்களக் குடும்பங்களுக்கு அருகில் நின்றாள். என் மனதில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்ன இடம். பள்ளியில் மறைக்கல்வி வகுப்புக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல். அன்றுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. எங்கள் குறைகளின் பட்டியல் எனக்கு மனப்பாடம். அவர்களுடைய பட்டியலை நான் கேட்டதே இல்லை.

"ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்று சாமியார் சொன்னதும் எல்லாரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சமாதானம் அக்கா" என்றாள். போக வேண்டியவள் நான். வந்தவள் அவள்.

புறப்படும் முன் நம்பர் வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு தாத்தா இங்கே வந்து குடிசை போட்டார். நாட்டுப்படகில் ஆரம்பித்து, பிறகு விசைப்படகு டிரைவராகி முப்பது வருடம் ஓடியவர். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினார்.

"கரையிலருந்து மூணு மைலு நாட்டுப்படகுக்கு. அதத் தாண்டுனா பன்னெண்டு மைலுக்குள்ள எல்லை வந்துரும். நடுவுல பாறை. மடி இழுக்க எடமே இல்லம்மா. அந்தப் பக்கம்தான் இறால். டீசலுக்கு யாவாரிகிட்ட வாங்கின கடன் கழுத்துல நிக்கிம். போவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "ராத்திரி லைட்ட அணைச்சுருவோம். ஆனா மெதவை தெரியும். அவன் வலை கெடக்குன்னு தெரியும். தெரிஞ்சே இழுத்திருக்கேன். போருல அவன கடலுக்கு விடாத காலத்துல நம்ம இஷ்டத்துக்கு இழுத்துப் பழகிட்டோம். அப்பறம் அவன் திரும்பி வந்தான். நம்ம நிறுத்தல."

இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பாரோ என்னவோ, என்னிடம் சொன்னது முதல் தடவை.

தேர்தல் வந்தால் எங்கள் ஊரில் கச்சத்தீவைத் தவிர வேறு பேச்சு இருக்காது. 2024 மக்களவைத் தேர்தலில் டீக்கடைக்கு டீக்கடை அதுதான். யார் தாரைவார்த்தது, யார் மீட்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்ட அண்ணன் தம்பி இரண்டு கொடியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். நான் அப்பாவிடம் கேட்டேன், தீவு திரும்பி வந்தால் பிரச்சினை தீருமா என்று. "தீவு வந்தாலும் இறால் அதுக்கும் அங்கிட்டுதான் கெடக்கு" என்றார். மேடையில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 2010இல் இரு கரை மீனவர்களும் சென்னையில் கூடி, ஒரு வருடத்துக்குள் இழுவையை நிறுத்திக்கொள்வது என்று பேசியதையும் இப்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. அரசாங்கம் 2017இல் கொண்டுவந்த ஆழ்கடல் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அப்போது ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் மானியம் போக மீதியைப் புரட்ட முடிந்த வீடு எங்கள் தெருவில் இல்லை. அதே வருடம் இலங்கையில் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் வடமராட்சியில் வத்திராயனிலிருந்து போன இரண்டு மீனவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள். இந்தியப் படகு மோதியது என்று சொல்லி அந்தக் கரை முழுக்கச் சாலையில் உட்கார்ந்தது. 2017இல் நாங்கள் உட்கார்ந்த மாதிரியே. அந்தச் செய்தி வந்த வாரமும் நான்தான் மன்றாட்டு எழுதினேன். அந்த இரண்டு பேரும் என் தாளில் இல்லை.

ஒவ்வொரு ஜனவரியும் 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். சீர்திருத்த சபையான சிஎஸ்ஐ சகோதரர்களைக் கூப்பிட்டு, "எல்லாரும் ஒன்றாய் இருப்பார்களாக" என்ற யோவான் நற்செய்தி வாசகத்தை வாசித்து, தேநீர் குடித்துக் கலைவோம். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை, எனக்கு அந்த மாலைகள் பிடிக்கும். ஆனால் அங்கே யாருக்கும் யாரும் வலை கடன்பட்டிருக்கவில்லை. நெடுந்தீவுக்காரிக்கும் எனக்கும் ஞானஸ்நானம் ஒன்று, நற்கருணை ஒன்று, மொழிகூட ஒன்று. பிரிவு கோட்பாட்டில் இல்லை, கடலடியில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றிப்பு என்றால் நான் முதலில் செய்ய வேண்டியது அவள் கணக்கை உட்கார்ந்து கேட்பது. சிறையில் இருக்கும் நம் ஆட்களுக்காகக் குரல் கொடுப்பதை நான் நிறுத்தப்போவதில்லை. அந்தக் குரலிலேயே மற்றதையும் சொல்ல வேண்டும் என்றுதான் அந்த ஒரு வரியை எழுதினேன்.

மாமாவின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அத்தை காப்பி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். இன்னும் போவேன்.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். அப்பா தலையணைக்கு அடியிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து, "ஒரு பூசைக்குக் குடுத்துட்டு வா" என்றார். என்ன கருத்துக்கு என்று கேட்டேன். "நெடுந்தீவு ஆளுகளுக்கு. வலை போனவுகளுக்கு. பேரு போட வேணாம்."

சாமியார் நோட்டில் எழுதிக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலைப் பூசை. பதினைந்து பேர் இருந்திருப்போம். "இன்றைய திருப்பலி நெடுந்தீவு மீனவக் குடும்பங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது" என்று அவர் வாசித்ததும் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் மூன்று மாதமாக யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறார். சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த நெடுந்தீவுப் பொம்பள நம்பரு இருக்குன்னாங்க. அவுகளால ஒருக்கா ஜெயிலுக்குப் போயி இவரப் பாத்துட்டு வரச்சொல்ல முடியுமா? சாப்புடுறாரான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

போனை எடுத்து அங்கேயே அழைத்தேன்.