நூலக மாஸ்ரரும் திறந்து கிடந்த அலுமாரிகளும்

சென்ற தை மாதம் எங்கள் வட்சப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. நூலக மாஸ்ரர் காலமாகிவிட்டார். தொண்ணூறைத் தாண்டிய வயது, நல்ல சாவு என்று எல்லோரும் எழுதினார்கள். பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டிருந்தது வேறு கட்டுரை. பெரிய கிரிக்கெட் போட்டி, பாடசாலைக் கொடி, மைதானத்து வேம்பு எல்லாவற்றையும் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம். மாஸ்ரருடைய பெயரை எழுபதுகளில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கும் அவர் நூலக மாஸ்ரராகவே இருக்கட்டும்.

அவர் வருவதற்கு முன்னர் எங்கள் பாடசாலை நூலகம் என்பது கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலுமாரிகளின் வரிசைதான். எல்லாவற்றுக்கும் பூட்டு. திறப்புக் கோர்வை அதிபரின் அறையில் தொங்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுத் தலைப்புகளை வாசிக்கலாம், அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் அவர் வந்தார். வந்த முதல் மாதத்திலேயே திறப்புகளை வாங்கி எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். புத்தகங்கள் களவு போகும் என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் பயந்தார்கள். அவர் சொன்ன பதில் அப்போதே பாடசாலை முழுக்கப் பரவிவிட்டது: "சேர், துலைஞ்ச புத்தகத்தை எங்கையோ ஒரு பிள்ளை வாசிக்குது. பூட்டிக் கிடக்கிறதை இராமபாணப் பூச்சிதான் வாசிக்குது."

வியாழக்கிழமை எங்கள் நூலகப் பாடவேளை. முதல் அரை மணி நேரம் யார் எதையும் எடுக்கலாம், எங்கும் இருக்கலாம். யன்னல் குந்தில் இருப்பவர்களையும் ஏசமாட்டார். கடைசிப் பத்து நிமிடம் அவருடையது. ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து உரத்து வாசிப்பார். குரலை மாற்றி நடிப்பதெல்லாம் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வாசிப்பார். கதையில் ஒருவன் கிணற்றுக்குள் இறங்குவான், கயிறு அறுகிற சத்தம் கேட்கும், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். "மிச்சம் உள்ளுக்கை இருக்கு" என்று சொல்லி அலுமாரியில் வைத்துவிட்டு மேசைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். நாற்பது பேர் அதற்குப் போட்டி. அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதிவைத்து முறைப்படி கொடுப்பார். மூன்று வாரம் காத்திருந்து கைக்கு வந்த புத்தகத்தைச் சும்மா வைத்துவிட யாருக்கு மனம் வரும்?

காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்திய வார சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவை நின்றுபோயின. பழைய இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள்தான் ஊரில் கைமாறிக்கொண்டிருந்தன. சனசமூக நிலைய வாசிகசாலையில் ஈழநாடும் வீரகேசரியும் பக்கம் பக்கமாகப் பிரிந்து ஆளுக்கொரு தாளாகக் கிடக்கும். வாசிக்க ஆசை நிறைய இருந்தது, தாள்தான் குறைவு. அந்தக் காலத்தில் அவர் நூலகத்தைத் திறந்துவைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இதில என்ன படிச்சனி?" என்று கேட்கமாட்டார். சுருக்கம் எழுதச் சொன்னதில்லை, புள்ளி போட்டதில்லை. வழியில் கண்டால் "இப்ப எந்த இடத்தில நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்பார். பிடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டேன் என்றால் முகம் சுளிக்காமல் வாங்கிவைத்துவிட்டு வேறொன்று தருவார். இன்றைக்குப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ பேசுகிறார்கள். என் அனுபவத்தில், வாசித்த கையோடு பரீட்சை வைத்தால் பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடாது. இதை அவர் எந்தப் பயிற்சியில் படித்தாரோ தெரியாது, செய்து காட்டினார்.

எங்கள் வகுப்பில் சைக்கிள் கடைக்காரரின் மகன் ஒருவன் இருந்தான். வாசிப்பு என்றாலே எழுந்து வெளியே போகப் பார்ப்பான். கதைப் புத்தகம் எதைக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அப்படியே திரும்பி வரும். ஒருநாள் மாஸ்ரர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளெரி இயந்திரங்களின் குறுக்குவெட்டுப் படங்கள், பக்கத்துக்குப் பக்கம். "வாசிக்க வேண்டாம், படத்தைப் பார்" என்று கொடுத்தார். அவன் படத்தைப் பார்த்தான், பிறகு படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தான், பிறகு அகராதி கேட்டு வந்தான். இன்று நோர்வேயில் கப்பல் இயந்திரங்களோடு வேலை செய்கிறான். மாஸ்ரரின் மேசைக்கு மேலே சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தும் மட்டையில் எழுதித் தொங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அந்த இரண்டு வரிகளையும் நான் அவனை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை புத்தகம் கட்டும் நாள். விரும்பியவர்கள் போகலாம். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார். பசை இலேசான நீலமாக மாறும். பிய்ந்த புத்தகத்தைப் பிரித்து, பழைய நூலை அறுத்தெடுத்து, பகுதி பகுதியாக அடுக்கி, ஊசியால் தைத்து, முதுகுக்குக் கலிக்கோத் துணி ஒட்டுவோம். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து மேலே கல் ஏற்றிவைத்தால் திங்கட்கிழமை எடுக்கலாம். நான் தைத்த புத்தகத்தை இன்னொருவன் இரவல் கொண்டுபோவதைப் பார்க்கும்போது வந்த பெருமை, பிற்காலத்தில் எந்தச் சம்பள உயர்விலும் எனக்கு வரவில்லை.

மற்றச் சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம். சிறுவர் பகுதியில் எங்களைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வீட்டில் கையெழுத்துப் போட ஆளில்லாத பிள்ளைகளுக்குத் தானே பிணை நின்றார். சுப்பிரமணியம் பூங்காவைத் தாண்டிப் போய், வாசலில் சரஸ்வதி சிலைக்கு முன்னால் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனால் வெயிலெல்லாம் மறந்துவிடும். போகிற வழியில் அவர் அந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்வார். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியது, லோங் அடிகள் பாடுபட்டது, ரங்கநாதன் ஆலோசனை சொன்னது, சென்னையிலிருந்து நரசிம்மன் வரைபடம் போட்டது, 1959இல் திறந்தது, 1967இல் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி வந்தது. ஒரு வீட்டு அறையில் தொடங்கியதாக்கும் என்று அவர் சொல்லும்போது எங்களுக்கும் நாளைக்கே வீட்டில் ஒன்று தொடங்கலாம் போலிருக்கும். சிலர் தொடங்கினோம், சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கி.

1981ஆம் ஆண்டு மே முடிந்து ஜூன் பிறக்கிற நாட்களில் ஓரிரவு அந்த நூலகத்தை எரித்தார்கள். தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்த நெருப்பைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார். ஈழநாடு அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகக் கடையும் எரிந்தன. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை, பலர் எழுதியும் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது அதற்குப் பின் நடந்தது. மாஸ்ரர் அழுததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வருடம் ஊரார் நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்தார்களே, அப்போது சைக்கிள் கரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். பழைய மாணவர்கள் சிலர் கூடப் போனோம். எந்தப் புத்தகத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையல் குறிப்பு, பழைய பஞ்சாங்கம், அட்டையில்லாத பாடப்புத்தகம் எல்லாம் சாக்குக்குள் போனது. வாசலில் நிற்கிற பிள்ளைகளிடம், "நீ கடைசியா வாசிச்சது என்ன?" என்று கேட்பார். நாங்கள் புத்தகம் சேர்க்கப் போனோம். அவர் வாசகரையும் சேர்த்துக்கொண்டு வந்தார்.

1984இல் நான் வெளிக்கிட்டுவிட்டேன். விடைபெறப் போனபோது அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அங்கை நூலகம் எங்க இருக்கு எண்டு முதல்ல பார்" என்றார். 1995 போர்க்கால இடப்பெயர்வில் அவர் பாடசாலை நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் பதிந்த சேர்வு இடாப்பைச் சீலைக்குள் சுற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனார் என்றும், திரும்பி வந்து அதை வைத்துத்தான் எஞ்சியதைச் சரிபார்த்தார் என்றும் பின்னால் படித்த தம்பிமார் சொல்லித்தான் அறிந்தேன். இளைப்பாறும் வயது கடந்த பிறகும் நூலகத்துக்குப் போய்வந்தாராம்.

ரொறன்ரோவுக்கு வந்து அவர் சொன்னதைத்தான் செய்தேன். இங்கே பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். ஸ்காபரோவில் தமிழ்ப் புத்தகத் தட்டுகளும் உண்டு. ஒரே தடவையில் ஐம்பது வரை எடுக்கலாம், 2022 முதல் தாமதக் கட்டணமும் இல்லை. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு மாஸ்ரர்தான் நினைவுக்கு வந்தார். பிந்திக் கொண்டுவருகிறவனிடம் அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. காசுக்குப் பயந்து பிள்ளை வராமல் விட்டால் புத்தகமும் போச்சு, பிள்ளையும் போச்சு என்பார். கோடை விடுமுறையில் என் பேத்தி இங்கே சிறுவர் வாசிப்புக் கழகத்தில் சேர்ந்து, என்ன வாசித்தாள் என்று கொப்பியில் ஸ்ரிக்கர் ஒட்டுகிறாள். அவளுக்குக் கிடைப்பதைப் பார்க்கச் சந்தோஷம்தான். இதே வயதுப் பிள்ளை நம் பாடசாலையில் இன்று எதை எடுத்து வாசிக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

விசாரித்தேன். கட்டடம் புதிது, சங்கம் கட்டிக்கொடுத்ததுதான். குளிரூட்டி உண்டு, கணினிகள் உண்டு. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்று பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடக்கின்றன. அலுமாரிகளுக்கு மறுபடி பூட்டு. ஆசிரியர் நூலகர் பதவி நீண்ட நாளாக வெற்றிடம், பாடமில்லாத ஆசிரியர் எவராவது வந்து பார்த்துக்கொள்கிறார். ஈழத்து நூல்களை 2005 முதல் நூலகம் என்ற இணையத்தளத்தில் ஏற்றி வருகிறார்கள், யாரும் இலவசமாக வாசிக்கலாம். எங்கள் பாடசாலைக் கணினிகளில் அதைத் திறந்து காட்ட ஒருவர் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முன்னால் இருந்து பத்து நிமிடம் உரத்து வாசிக்கவும் ஒருவர் வேண்டும்.

அதனால் சங்கத்திடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். மாஸ்ரர் பெயரில் கல்வெட்டு வேண்டாம். சேருகிற பணத்தில் முழுநேரமாக ஒருவருக்குச் சம்பளம் கொடுப்போம், பிள்ளைகளை நேசிக்கிற, தானும் வாசிக்கிற ஒருவருக்கு. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளே தெரிவு செய்கிற புதிய புத்தகங்களை வாங்குவோம். பூட்டுகளைக் கழற்றச் சொல்லி அதிபருக்கு எழுதுவோம். என் பங்கை இந்த மலர் வருவதற்கு முன்பே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

பணம் அனுப்புவது லேசு. அந்தச் சனிக்கிழமை மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் ரொறன்ரோவில், சிலர் லண்டனில், ஒருவர் சிட்னியில், ஒருவன் நோர்வேயில். பசை காய்ச்சவும் தைக்கவும் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று பார்க்கவும் அவர் எங்களுக்குக் காட்டித்தந்திருந்தார். அவர் கதிரையில் போய் இருக்கக்கூடியவர்களாக எங்களை வளர்த்தார், ஊரில் அதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை.